நெட்டையனின் ஜாதகம்

எங்கள் வீட்டில் ஒரு கூடைப்பந்துக் கழகம் நடக்கிறது. ஆட்டக்காரர்கள் 15 பேர். ஏறக்குறைய எல்லோரும் ஆறடிக்கு மேல், ஒருவன் ஏழடி. சம்பளம் டாலரில், அதுவும் கோடிக் கணக்கில். இத்தனை பேருக்கும் யார் சமைத்துப் போடுகிறார்கள் என்று வாசகிகள் கவலைப்பட வேண்டாம். அத்தனை பேரும் என் அண்ணன் மகளின் லாப்டாப்புக்குள் குடியிருக்கிறார்கள். ஒரு வாய் காப்பிகூடக் கேட்பதில்லை.

விளையாட்டின் பெயர் ‘பாஸ்கட்பால் ஜி.எம்.’ அமெரிக்காவிலுள்ள ஒரு புண்ணியவான் எழுதி, காலணா கேட்காமல் இன்டர்நெட்டில் விட்டிருக்கிறார். இதில் பந்தைத் தொடும் பாக்கியம் நமக்குக் கிடையாது. நமக்குக் கிடைப்பது நிர்வாகி உத்தியோகம். யாரை எடுப்பது, யாருக்கு எத்தனை சம்பளம், யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று தீர்மானிப்பதோடு நம் வேலை முடிந்தது. ஆட்டங்களைக் கம்ப்யூட்டரே ஆடித் தீர்த்துவிட்டுக் கணக்கை மட்டும் நீட்டும். ஒரு வருஷத்துப் பந்தயங்கள் பத்து நிமிஷத்தில் முடிந்து போகும். அடுப்பங்கரைக்குள் நுழையாமலே சமையற்காரர்களை மாற்றிக்கொண்டிருக்கும் எஜமானியம்மாளின் உத்தியோகம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் கம்ப்யூட்டர் இரண்டு எண்கள் கொடுக்கிறது. ஒன்று, இன்றைக்கு அவன் திறமை எத்தனை என்பது. மற்றது, பின்னால் அவன் எந்த உயரத்துக்குப் போகக்கூடும் என்பது. என் அம்மாவுக்கு விளையாட்டு விளங்கவில்லை. ஆனால் இந்த இரண்டாவது எண் உடனே விளங்கிவிட்டது. “ஜாதகம்னு சொல்லு” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு ஜாதகம் என்றே பெயர்.

கழகத்தின் ஏழடிப் பையனுக்குக் கம்ப்யூட்டர் ஏதோ வாயில் நுழையாத பெயர் வைத்திருந்தது. அம்மா அவனை நெட்டையன் என்றாள். 19 வயது. கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்த முகம். காது மட்டும் கொஞ்சம் பெரிது. திறமை 45, ஜாதகம் 76. தெரிந்தவர்களைக் கேட்டால் 76 என்பது ராஜயோகம் என்பார்கள். அவனை அடைவதற்காக என் மருமகள் (அண்ணன் மகளை அப்படித்தான் நாங்கள் சொல்வது) நன்றாக ஆடிக்கொண்டிருந்த இரண்டு பேரைப் பக்கத்துக் கழகத்துக்குத் தாரை வார்த்தாள்.

ஒவ்வொரு வருஷமும் கடைசிப் பந்தயம் முடிந்ததும் ஆட்டக்காரர்களின் எண்கள் மாறும். சிலருக்கு ஏறும், சிலருக்கு இறங்கும். இளையவர்களுக்கு ஏறுவது வழக்கம். முப்பதைத் தாண்டியவர்களுக்கு இறங்குவது வழக்கம். முதலில் வேகமும் துள்ளலும் போகும். குறி பார்த்துக் கூடையில் போடும் கை மட்டும் இன்னும் சில வருஷம் விசுவாசமாக இருக்கும். இதெல்லாம் நியாயந்தான். வழக்கம் என்பது வேறு, ஒரு பையனுக்கு நடப்பது வேறு என்பதில்தான் சண்டை ஆரம்பம்.

நெட்டையனுக்கு 20 வயதானபோது திறமை 44 ஆயிற்று. 21இல் 46. ஜாதகமோ 76, 66, 57 என்று தேய்பிறைச் சந்திரனைப் போல் குறைந்துகொண்டே வந்தது. அதே சமயம், யாருமே சீந்தாமல் கடைசியில் எடுக்கப்பட்ட ஒரு பையன், எதிரிக் கழகத்தில் போய் 70ஐத் தாண்டிவிட்டான்.

“கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது அத்தை!” என்று அவள் கத்தினாள்.

இந்த விளையாட்டை ஆடுகிறவர்கள் எல்லோரும் என்றாவது ஒரு நாள் சொல்லும் வசனம் இது. பயிற்சியாளர்களுக்காகக் கொட்டிக் கொடுத்திருப்பார்கள். பையனை நம்பி நாலு வருஷத் திட்டம் போட்டிருப்பார்கள். ஒரு கோடையில் எல்லாம் குட்டிச்சுவராகும். ‘காரணம் சொல்லு’ என்றால் கம்ப்யூட்டருக்கு வாய் கிடையாது.

அவள் கோபத்துக்கு வேறு ஒரு காரணம் இருந்ததையும் சொல்ல வேண்டும். அவளுக்கு 15 வயது. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். இரண்டு வருஷமாகப் பள்ளிக்கூட அணியில் ஆடிக்கொண்டிருந்தாள். பந்தைத் தட்டிக்கொண்டு போய், யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்து ஆட்டத்தை நடத்துகிற இடம் அவளுடையது. போன வருஷம் ஒரு பெரிய அணிக்கு ஆள் எடுத்தார்கள். இவளும் போனாள். சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார்கள். பத்து நிமிஷம் ஆடவிட்டார்கள். “உயரம் போதாதும்மா, இனிமேல் வளர்வதும் சந்தேகம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. பூட்ஸைக் கழுவி, பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். காலைப் பயிற்சி நின்றது. அண்ணிக்கு உள்ளூர நிம்மதி. பத்தாவது வகுப்பு ஆயிற்றே! அண்ணன் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினான். எனக்குத்தான் அந்தப் பொட்டலம் உறுத்திக்கொண்டே இருந்தது. அளவெடுத்து விலக்கப்பட்ட பெண், இப்போது லாப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களை அளவெடுத்து விலக்கிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நெட்டையனின் விஷயத்தில் அவள் ஒரு தந்திரம் செய்தாள். கோடை மாற்றத்துக்கு முன்பே முழு லீகையும் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தினாள். மாற்றம் பிடிக்காவிட்டால் பிரதியிலிருந்து மறுபடி தொடங்கலாம். பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்த குறுக்கு வழிதான். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

முதல் தடவை: நெட்டையன் 46இலிருந்து 45க்கு வந்தான்.

பிரதியை எடுத்து மறுபடி அதே கோடை. அதே பையன், அதே வயது, அதே பயிற்சியாளர். 46இலிருந்து 57!

மூன்றாம் தடவை: 49.

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். “இதிலே எந்தப் பையன்டி நிஜம்?” என்று கேட்டாள்.

“மூணும் நிஜந்தான் பாட்டி.”

“அதெப்படி? தாயம் விழலேன்னு கட்டையைத் திருப்பித் திருப்பி உருட்டுவாளா? விழுந்தது விழுந்ததுதான். முதல்லே வந்ததை வெச்சுக்கோ.”

மருமகள் முணுமுணுத்துக்கொண்டே 45ஐ வைத்துக்கொண்டாள். ஆனால் அம்மாவின் முதல் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை.

இந்த விளையாட்டு எப்படி வேலை செய்கிறது என்பது ரகசியமல்ல. எழுதியவரே அதன் உள் விதிகளை யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறார். வயதுக்கு ஏற்ற சிறு ஏற்றமோ இறக்கமோ முதலில் உண்டு. அதன்மேல் ஓர் உருட்டல், தாயக்கட்டை மாதிரியேதான். பையன் எவ்வளவு இளையவனோ, கட்டை அவ்வளவு தூரம் ஓடும். பயிற்சிக்குச் செலவழிக்கும் பணம் கட்டையைக் கொஞ்சம் நம் பக்கம் சாய்க்கும், அவ்வளவுதான். இருபது வயதுக்காரனுக்கு ஒரு விசேஷம்: ஒரே வருஷத்தில் அவன் கீழே போகக்கூடிய தூரம் குறைவு, மேலே போகக்கூடிய தூரமோ அதைவிட வெகு அதிகம். அபூர்வமாக, உயரமேகூட ஒரு பிடி ஏறும்.

அப்படியானால் ஜாதகம் என்று நாங்கள் பெயரிட்ட எண் என்ன? அதே வயதும் அதே திறமையும் உள்ள பல பையன்கள் எதுவரை போவார்கள் என்பதன் சராசரி. சிலர் 90 போவார்கள். சிலர் 50இலேயே நின்றுவிடுவார்கள். சேர்த்து வகுத்தால் 76. ஆறடித் தகப்பனாரும் நாலடிக் குழந்தையும் உள்ள வீட்டில் சராசரி உயரம் ஐந்தடி என்று சொல்லலாம். ஐந்தடி ஆள் ஒருவர்கூட அந்த வீட்டில் இல்லை! 76 என்பது நெட்டையனைப் பற்றிய சேதியே அல்ல. நெட்டையன் மாதிரி இருக்கக்கூடிய ஒரு கூட்டத்தைப் பற்றிய சேதி. அதைப் பையனின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் பிறகு “வாக்குத் தவறிவிட்டான்” என்று கோபித்துக்கொள்கிறோம்.

‘கம்ப்யூட்டரில் தாயக்கட்டை இருக்கலாம், நிஜ உலகத்தில் திறமைசாலி எப்படியும் தெரிந்துவிடுவான்’ என்று சொல்கிறவர்களுக்காக, இந்த விளையாட்டு எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அந்த அமெரிக்க என்.பி.ஏ. லீகுக்குப் போவோம். அங்கே ஒவ்வொரு வருஷமும் ‘டிராஃப்ட்’ என்று ஒரு சடங்கு நடக்கிறது. கழகங்கள் வரிசையாக நின்று புதுப் பையன்களைப் பொறுக்கி எடுக்கும். தோற்றுப்போன கழகங்களுக்கே முதல் வரிசைகள் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. வேண்டுமென்றே தோற்றுவிடக் கூடாதே என்று 1985இலிருந்து அதிலும் ஒரு குலுக்கல் வைத்திருக்கிறார்கள். டிராஃப்டுக்கு முன்னால் பையன்களைச் சிகாகோவுக்கு வரவழைத்து உயரம் அளக்கிறார்கள், விரித்த கையின் நீளம் அளக்கிறார்கள், எம்பிக் குதிக்கச் சொல்கிறார்கள். பெண் பார்க்கும் படலம்தான். பஜ்ஜி, சொஜ்ஜி மட்டும் இல்லை. ஆனால் நம் மாமியார்களுக்குக் கிடைக்காத வசதி அவர்களுக்கு உண்டு: மாப்பிள்ளை வீட்டார் சம்பளத்துக்கு நிபுணர்களை வைத்து வருஷக் கணக்கில் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள்.

அத்தனை பார்த்தும் என்ன ஆயிற்று? 2013ஆம் வருஷ டிராஃப்டில் முதல் ஆளாகக் கிளீவ்லாண்டு கழகம் எடுத்தது அந்தோணி பென்னட்டை. முதல் வருஷத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 4.2 புள்ளி எடுத்தார். நான்கு பருவங்களில் நான்கு கழகங்கள் மாறினார். அதோடு அந்த லீகில் அவர் கதை முடிந்தது. அதே நாளில் 15ஆவது ஆளாக மில்வாக்கி எடுத்தது, கிரேக்க நாட்டின் இரண்டாம் வகுப்பு லீகில் ஆடிக்கொண்டிருந்த ஓர் 18 வயது ஒல்லிப் பையனை. எடுத்த பிறகும் அவன் உயரமாக வளர்ந்தான். யானிஸ் ஆண்டெட்டோகூன்போ என்ற அந்தப் பையன் 2019இலும் 2020இலும் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2021இல் சாம்பியன் பட்டத்தை முடிவு செய்த ஆட்டத்தில் தனியாக 50 புள்ளி. பதினான்கு இடங்களில் எடுத்துக்கொண்டவர்கள் அவரைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள்.

அடுத்த வருஷம் இன்னும் தமாஷ். 2014 டிராஃப்டில் 41ஆவது ஆளாக டென்வர் கழகம் செர்பியாவைச் சேர்ந்த நிக்கோலா யோகிச்சின் பெயரைச் சொன்னபோது, டெலிவிஷனில் ஏதோ தின்பண்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. சம்பந்தப்பட்ட பையனோ தன் ஊரில் தூங்கிக்கொண்டிருந்தான். கொழுகொழுவென்ற உடம்பு, குதிக்கவும் வராது, ஓடவும் வராது என்பது அப்போதைய அபிப்பிராயம். 2021, 2022, 2024 என்று மூன்று முறை அவரே லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். 2023இல் டென்வருக்கு அதன் முதல் சாம்பியன் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார்.

மறுபக்கமும் உண்டு. 2007இல் கிரெக் ஓடன் முதல் ஆள். கெவின் டுராண்ட் இரண்டாவது ஆள். ஏழடி ஓடனை எடுத்ததில் அன்று யாரும் பெரிய குற்றம் காணவில்லை. முழங்கால்கள் அவரைக் கைவிட்டன. லீகில் அவர் மொத்தம் ஆடியது 105 ஆட்டங்கள். அவரிடம் எந்தக் குறையைச் சொல்வது? டென்னிஸ் ராட்மன் பள்ளிக்கூடத்தை முடித்தபோது ஆறடிகூட இல்லை. டல்லாஸ் விமான நிலையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்த்தார். அதற்கப்புறம் விறுவிறுவென்று வளர்ந்து ஆறடி ஏழு அங்குலம் ஆனார். 1986இல் 27ஆவது ஆளாக எடுக்கப்பட்டு ஐந்து சாம்பியன் அணிகளில் இருந்தார். ஒரு கம்ப்யூட்டர் இப்படி ஒரு பையனைக் காட்டியிருந்தால், “கதை விடுகிறது” என்று மூடி வைத்திருப்போம்.

இருந்தாலும் எனக்கு விளையாட்டோடு ஒரு தகராறு உண்டு. அதில் ஒரு பையனைத் தினமும் ஆடவிட்டாலும் சரி, வருஷம் பூராவும் பெஞ்சில் உட்கார வைத்தாலும் சரி, வளர்ச்சிக் கட்டை ஒரே மாதிரிதான் உருளும். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். டென்வரில் யோகிச்சின் இடத்தில் வேறொரு பெரிய ஆள் இருந்தான். 2016 டிசம்பரில் பயிற்சியாளர் அவனைப் பெஞ்சுக்கு அனுப்பி யோகிச்சை நடுவில் நிறுத்தினார். ஆட்டத்தையே அவர் கை வழியாக நடத்தினார். அதற்குப் பிறகுதான் உலகம் விழித்தது. நாம் ‘அதிர்ஷ்டம்’ என்று ஒரே சொல்லில் மூட்டை கட்டிப் போடுவதை அவிழ்த்துப் பார்த்தால், அதற்குள் முழங்கால் இருக்கிறது, வளர்கிற எலும்பு இருக்கிறது, ஒரு பயிற்சியாளரின் நம்பிக்கை இருக்கிறது, ஆட இடம் கிடைத்ததா என்பது இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே கட்டையை உருட்டுகிறது. ஆள் எடுக்க வருகிறவர்களுக்கும் இதில் பாதி தெரியாது. வித்தியாசம், கம்ப்யூட்டர் தெரிந்த மாதிரி பேசுவதில்லை.

இதையெல்லாம் மருமகளிடம் சொன்னேன். உபதேசம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று யோகிச் தூங்கிய கதையிலிருந்து ஆரம்பித்தேன். காதில் வாங்கிக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“அப்போ என்னை எடுக்காதவங்க சொன்னது தப்பா அத்தை?” என்று மட்டும் கேட்டாள்.

“தப்புன்னு எப்படிச் சொல்றது? நீ வளராமலே போகலாம். பத்து நிமிஷத்துலே அவங்களுக்கு ஒரு எண்தான் கிடைச்சுது. அதைச் சொன்னாங்க.”

“உயரம் வரலேன்னா?”

இதற்கு என்னிடம் ஓர் ஆள் தயாராக இருந்தார். மக்சி போக்ஸ். உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். என்.பி.ஏ. லீகில் அவரைவிடக் குட்டையானவர் யாரும் ஆடியதில்லை. 1987இல் வாஷிங்டன் கழகம் அவரை 12ஆவது ஆளாக எடுத்தது. அந்தக் கழகத்திலேயே ஏழடி ஏழு அங்குல உயரத்தில் மனூட் போல் என்பவர் இருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோவைப் பார்த்தால் தகப்பனும் பிள்ளையும் கோயிலுக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும். ஒரே வருஷத்தில் வாஷிங்டன் அவரைப் புதிதாகத் தொடங்கிய சார்லட் கழகத்துக்கு விட்டுக்கொடுத்தது. போக்ஸ் அந்த லீகில் மொத்தம் 14 பருவம் ஆடினார். அவர் பார்த்ததும் மருமகள் ஆடிய இடந்தான்: பந்தைத் தட்டிக்கொண்டு போய் ஆட்டத்தை நடத்துகிற வேலை.

“ஐந்தடி மூணு. நான் ஐந்தடி ஒண்ணு” என்றாள் அவள். கணக்கில் கெட்டி.

நெட்டையனை 22ஆம் வயதில் அவள் நீக்கிவிட்டாள். நீக்கினாலும் ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவன் சம்பளம் இவள் கணக்கில்தான் விழும். அம்மாவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. “தாட்டிவிட்டா ஜீவனாம்சம் கொடுக்கத்தானே வேணும்” என்றாள். வேறொரு கழகம் அவனைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த கோடையில் 51, அதற்கடுத்து 56. மகாவீரன் ஆகிவிடவில்லை, பிழைத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆட்டக்காரன் ஆனான். இவள் கழகத்துக்கு எதிராக ஆட வந்தபோது 18 புள்ளி எடுத்துவிட்டுப் போனான். மகாவீரன் ஆகியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை கோபம் வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்தபோது அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தைக் காணோம். காலை ஐந்தரைக்கு அவள் மறுபடி மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது அப்புறம்தான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணி காரணம் கேட்டாள். “சும்மாத்தான்” என்று பதில். உயரம் இன்னும் ஐந்தடி ஒன்றுதான். அண்ணி வாசல் நிலையில் பென்சிலால் போட்ட கோடு சாட்சி.

லாப்டாப் லீகும் நடக்கிறது. இப்போது கற்பனை ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு, நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆடும் வகையை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதில் எந்த வருஷத்திலிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். அதோடு ஒரு திருகாணியும் இருக்கிறது. அதை 100இல் வைத்தால் ஒவ்வோர் ஆட்டக்காரரும் நிஜத்தில் எப்படி வளர்ந்தாரோ அப்படியே வளர்வார். 0வில் வைத்தால் சரித்திரத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, கட்டை உருண்டபடி. நெப்போலியன் கடைசிவரை சிப்பாயாகவே இருந்துவிடலாம். அம்மா 100இல் வைக்கச் சொன்னாள். “நடந்தது நடந்ததுதான்” என்பது அவள் கட்சி. நான் நடுவில் 50 என்றேன். மருமகள் இரண்டு பேர் பேச்சையும் கேட்காமல் 0வில் வைத்துவிட்டு, 1987ஆம் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். தன் முறை வந்ததும் மக்சி போக்ஸை எடுத்தாள்.

மூன்று பருவம் ஆகிறது. போக்ஸ் இன்னும் தலையெடுக்கவில்லை. உயரத்துக்கு அவருக்கு விளையாட்டில் கிடைக்கும் மதிப்பெண் கிட்டத்தட்டப் பூஜ்யம். கட்டையும் இதுவரை அவர் பக்கம் உருளவில்லை. இரண்டு நல்ல பேரங்கள் வந்தன. அவரைக் கொடுக்க மாட்டேன் என்று நிராகரித்துவிட்டாள். இந்த விளையாட்டில் கழகத்துக்கு ஒரு முதலாளி உண்டு. அவர் மனநிலையையும் கம்ப்யூட்டர் எண்ணாகக் காட்டும். அது வருஷா வருஷம் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த பருவமும் தோற்றால் அவளை வேலையிலிருந்து நீக்கிவிடுவார்.